செய்தித்தாளும் போர் ஓய்ந்த நாடும்

கதிரவன் தோன்றுவதற்கு முன்னரே தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் வாயிலில் செய்தித்தாள் கட்டுகள் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பிரித்து, துணைத்தாள்களை உள்ளே செருகி, வண்டிகளில் ஏற்றிக்கொண்டு சேலையூருக்கும் பெருங்களத்தூருக்கும் சிட்லபாக்கத்துக்கும் இளைஞர் விரைகின்றனர். வாயிலில் தாள் வந்து விழும் ஒலி கேட்டுத் துயிலெழுவோர் நம்மிடையே இன்றும் உளர். ஒருநாள் அது வரக் காலந்தாழ்த்தாற் சினங்கொள்கிறோம். அதனை எழுதியவரும் கொணர்பவரும் உயிரோடு வீடு திரும்புவாரோ என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறு எண்ண வேண்டிய தேவை நமக்கு நேர்ந்ததுமில்லை.

அத்தேவை நேர்ந்த தமிழூர் ஒன்று நமக்குத் தொலைவில் இல்லை. நம் திரிசூலத்து வானூர்தி நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 2019ஆம் ஆண்டில் வானூர்திகள் செல்லத் தொடங்கின. கொள்ளைநோய்க் காலத்தில் நின்ற அப்போக்குவரத்து, 2022ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கிற்று. பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990ஆம் ஆண்டில் தம் காணிகளை விட்டு வெளியேறியவர்கள். படையினர் வசமிருந்த அந்நிலங்களில் ஒரு பகுதி, போர் முடிந்தபின் சிறிது சிறிதாக உரியவர்க்குத் திரும்பியது. (காணி என்பது நம் செங்கற்பட்டுப் பகுதியில் ஒரு நில அளவையின் பெயராய் நின்றுவிட்டது. ஈழத்திலோ, நம் பழைய கல்வெட்டுகளிற் போலவே, உரிமை நிலம் என்னும் பொருளில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.)

இலங்கையில் 1983ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. போர் ஓய்ந்தது என்றால் துப்பாக்கிகள் ஓய்ந்தன என்பதே பொருள். இறந்தவர் யாவர், சிறையில் இருப்பவர் யாவர், என் காணி இப்போது எவர் கையில் உள்ளது என்னும் வினாக்கள் அதன் பின்னரே உரத்து எழுகின்றன. வென்றவர் தம் கதையைச் சொல்வர். தோற்றவரைச் சார்ந்தோர் தம் கதையைச் சொல்வர். இவ்விரண்டையும் கேட்டுக்கொண்டு, பெயர் என்ன, நாள் எது, கண்டவர் யார் என்று மேலும் உசாவி எழுதுபவனையே சார்பற்ற இதழாளன் என்கிறோம்.

யாழ்ப்பாணம் இதழியலுக்குப் புதிதன்று. 1841ஆம் ஆண்டிலேயே அங்கு ‘உதயதாரகை’ வெளிவந்தது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அம்மண்ணிலிருந்து சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ இதழுக்கு ஆசிரியராய் இருந்தவர். 1959ஆம் ஆண்டில் ‘ஈழநாடு’ தோன்றிற்று. 1981ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்ட அந்நாளிலேயே ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. உடன் எரிந்த நாளிதழை நினைப்பவர் சிலரே.

1985ஆம் ஆண்டில் ‘உதயன்’ தொடங்கப்பெற்றது. போரின்போது பாதை அடைபட்டு அச்சுத்தாள் வாராதொழிந்த காலத்தில், பக்கங்களைக் குறைத்துக்கொண்டு அது வெளிவந்தது. போராளிகள் ஆண்ட காலத்தில் அவர்களைக் குறைகூறி எழுதுதலும் எளிதாய் இருந்ததில்லை என்பதை இங்குக் கூறாமல் விடுதல் முறையன்று.

அக்காலத்தில் சிற்றலை வானொலியில் ‘தமிழோசை’ கேட்டவருள் யானும் ஒருவன். அதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அளித்துவந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இரவு, ஊரடங்கு வேளையில், தம் வீட்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகள் கடந்தும் அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2006ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் உதயன் அலுவலகத்துள் ஆயுதம் ஏந்தியோர் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதனைக் கொண்டாட யுனெஸ்கோ நிறுவனத்தார் கூடியிருந்த இடமோ கொழும்பு!

போர் முடிந்தபின் இத்தகைய செயல்கள் ஒழியும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 2011ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அவ்விதழின் செய்தி ஆசிரியர் இரும்புக் கம்பிகளால் தாக்கப்பட்டார். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் விடியற்காலையில் அச்சு எந்திரத்துக்குத் தீயிட்டனர். இத்துன்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கொழும்பில் ஆங்கில வார இதழ் நடத்திய லசந்த விக்கிரமதுங்க 2009ஆம் ஆண்டு சனவரியில் கொல்லப்பட்டார். சிங்கள இதழாளர் பிரகீத் எக்னலிகொட 2010ஆம் ஆண்டு சனவரியில் காணாமற்போனார்.

ஒரு தாளுக்கு இவ்வளவு அஞ்சுவானேன்? அதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. போரின் இறுதியில் சரணடைந்து, பின்னர் என்னவானார் என்றே அறியப்படாத ஒருவரின் மனைவியாகிய அனந்தி சசிதரன் அதில் ஒரு வேட்பாளர். வாக்களிக்கும் அந்நாளில் உதயன் போலவே அச்சிட்ட தாள் ஒன்று ஊரில் பரவிற்று. அவர் ஆளுங்கட்சியிற் சேர்ந்துவிட்டார் என்பது அதன் செய்தி. தலைப்பெழுத்து, பக்க அமைப்பு யாவும் உதயனையே ஒத்திருந்தன. செய்தி மட்டும் பொய். செல்லாக் காசைப் போலியாக அடிப்பவன் எவனும் இலன். மக்கள் அவ்விதழை நம்புகின்றனர் என்பதற்கு, பொய்யர் அதன் உருவைக் கடன் வாங்கியதினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வாக்காளர் ஏமாறினாரல்லர். அனந்தி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகள் பெற்று, அம்மாகாணத்தில் இரண்டாமிடத்தில் நின்றார். அவ்வாண்டிலேயே எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு உதயனுக்குப் பரிசளித்தது.

எனினும் மாணவர்களே, ஒன்று கேளுங்கள். உதயனின் உரிமையாளர் 2010 முதல் 2020 வரை தமிழ்க் கட்சியொன்றின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அடி வாங்கிய தாள் என்பதனால் அதன் ஒவ்வொரு வரியும் நடுநிலையானது என்றாகிவிடாது. அக்கட்சியைப் பற்றி அத்தாள் எழுதியதை வேறு தாளோடும் ஒப்பிட்டு நோக்குதல் வாசிப்பவர் கடமை. ஆப்பிரிக்க நாடாகிய ருவாண்டாவில் 1994ஆம் ஆண்டில் வானொலி நிலையம் ஒன்றே பகைத் தீயை மூட்டிக் கொலைக்குத் தூண்டிற்று என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். அதனை நடத்தியோரைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003ஆம் ஆண்டில் தண்டித்தது.

தாள் எழுதியதனால் யாது விளைந்தது என்று வினவலாம். காணாமற்போனோர் பற்றிய வினா ஓயாமல் எழுதப்பட்டது. தாய்மார் அரசிடம் முறையிட்டனர். பிற நாடுகளும் கேட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டமும், காணாமற்போனோருக்கு ஓர் அலுவலகம் அமைக்கும் சட்டமும் 2016ஆம் ஆண்டில் நிறைவேறின. இவை நாளிதழ்களால் மட்டுமே வந்தவை எனல் மிகையாகும். அவ்வலுவலகம் அமைந்த பின்னரும் பெற்றோர் கேட்ட விடை கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன் அவர்கள் தம் மக்களின் நிழற்படங்களை ஏந்தி அமர்ந்தனர். வெளியூர்ச் செய்தியாளர் சில நாள்களில் திரும்பிவிட்டனர். அவ்வூர் இதழாளரோ நூறாம் நாள், ஐந்நூறாம் நாள், ஆயிரமாம் நாள் என்று எண்ணி எழுதினர். காத்திருந்த பெற்றோருட் பலர் விடை அறியாமலே இறந்தனர். அவர்கள் இறந்த செய்தியும் அத்தாள்களில் வெளிவந்தது.