'பளம்' என்று சொன்னால் குறையா? தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தேவை பேச்சு சிகிச்சை நிபுணர்கள்!

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், விடுங்க!"

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம் இது. கடலூர் முதுநகர், சிதம்பரம் என எந்த ஊரிலும் கேட்கலாம். ஆனால், பிள்ளைகள் மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தை நழுவவிடாமல் உதவுபவர், பேச்சு - மொழி சிகிச்சை நிபுணர்.

காது கேளாத சிறு குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. கருவி சத்தத்தைக் கொடுக்கும். அந்தச் சத்தத்தைச் சொல்லாக மாற்ற, மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் 'பி.ஏ.எஸ்.எல்.பி' பட்டப்படிப்பில் சேரலாம். ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்து மொத்தம் 4 ஆண்டுகள். முதுநகருக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலும், சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலும் இந்தப் படிப்பு உண்டு. 1965-ல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் முதுநிலையும் பிஹெச்.டி-யும் முடிக்கலாம். முதுநிலை முடித்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் வழி திறக்கும்.

ஏன் தமிழ் ஆசிரியர்கள்?

இந்தத் துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் 'ழ' கிடையாது. ஒரு பிள்ளை 'பழம்' என்பதை 'பளம்' என்கிறது. அது குறைபாடா, இல்லை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களா? 'வருகிறேன்' என்று எதிர்பார்க்கும் பரிசோதனையில் 'வரேன்' என்று சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கலாமா? இதைத் தீர்மானிக்க, பேச்சுத் தமிழை ஆராய்ந்தவர்கள் தேவை.

இங்கேதான் சிதம்பரம் வருகிறது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம், தமிழின் ஒலிகளையும் வட்டார வழக்குகளையும் ஆராய்வதில் பெயர் பெற்றது. மொழியியல் படித்தவர்கள், பிள்ளைகளின் பேச்சைப் பற்றி ஆராய்ச்சி செய்யலாம்; சிகிச்சை நிபுணர்களோடு சேர்ந்து தமிழுக்கேற்ற பரிசோதனைகளை உருவாக்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். சிகிச்சை அளிக்க, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். எனவே, சேரும் முன் அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் குடு" என இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? அப்பா எப்போது பேசினார் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். முதலில் பிள்ளையின் காதைப் பரிசோதித்துவிடுங்கள்!