சிறந்த இசைத்தட்டு எது?



ஒரு நாட்டில் ஓராண்டில் வெளிவரும் இசைத்தட்டுகள் பல. அவற்றுள் தலைசிறந்தது இதுதான் என்று எவரேனும் அறுதியிட்டுக் கூற இயலுமா? இயலும் என்று கொண்டு, ஆண்டுதோறும் ஒன்றைத் தேர்ந்து பரிசளிக்கும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. அதற்கு மெர்க்குரிப் பரிசு என்று பெயர். பரிசுக்குரிய தொகுப்புகளின் பட்டியல் வெளியானதுமே அந்நாட்டு இசையன்பர்களிடையே வழக்கு எழுந்துவிடும். “இஃது ஏன் இடம்பெற்றது? அஃது ஏன் விடுபட்டது?” என்று கடைத்தெருவிலும் கல்லூரி விடுதியிலும் பேச்சு ஓயாது. அவ்வழக்கைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். சுவையைப் பற்றி முறையாக வாதிடுவதும் ஒரு கல்வியே அன்றோ?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இப்பரிசு 1992-ஆம் ஆண்டில் தோன்றியது. மெர்க்குரி என்பது உரோமர் வணங்கிய ஒரு தெய்வத்தின் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இப்பரிசுக்குப் பெயர் கொடுத்தது அத்தெய்வம் அன்று. தொடக்கத்தில் பொருளுதவி செய்த ஒரு தொலைபேசி நிறுவனமே. பரிசு தனிப் பாடலுக்கு உரியதன்று. பல பாடல்கள் சேர்ந்த முழுத் தொகுப்புக்கே, அதாவது ‘ஆல்பம்’ என வழங்குவதற்கே உரியது. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் கலைஞர்கள் இதில் கலந்துகொள்ளலாம். பெரும்பாலும் 12 தொகுப்புகள் பட்டியலில் இடம்பெறும். இசைக்கலைஞர், திறனாய்வாளர், வானொலியாளர் முதலியோர் அடங்கிய நடுவர் குழு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

இப்பரிசின் அடிப்படைக் கொள்கைகள் இரண்டு. எத்தனை தட்டுகள் விற்றன என்ற கணக்கை நடுவர்கள் பார்ப்பதில்லை என்பது ஒன்று. ராக், ஜாஸ், ராப், நாட்டார் பாடல் எனப் பல வகை இசைகளையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. வழக்குகள் பலவும் இந்த இரண்டாம் கொள்கையிலிருந்தே பிறக்கின்றன.

வேறுபட்ட பொருள்களை ஒப்பிடுவது எங்ஙனம்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப்பணி புரிந்தவன் நான். ஆண்டு விழாவில் ‘சிறந்த மாணவர்’ பரிசுக்கு ஒருவரைத் தேர்வது பள்ளியில் எளிய செயலன்று. ஒருவன் கணக்கில் வல்லவன். ஒருத்தி கட்டுரையில் வல்லவள். மற்றொருவன் ஓட்டப் பந்தயத்தில் எவரையும் முந்துவான். கணக்கையும் ஓட்டத்தையும் நிறுக்கும் தராசு ஒன்று இல்லை. ஆயினும், தாம் மேற்கொண்ட துறையில் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் சென்றனர், என்ன புதுமை செய்தனர் என்று பார்க்க இயலும். இசை நடுவர்களும் ஏறத்தாழ இதனையே செய்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1997-ஆம் ஆண்டுப் பட்டியலில் ரேடியோஹெட் குழுவினரின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ இருந்தது. அதுவே வெல்லும் எனப் பலர் எதிர்பார்த்தனர். பரிசோ, பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ரோனி சைஸ், ரெப்பிரசென்ட் குழுவினரின் ‘நியூ பார்ம்ஸ்’ என்னும் தொகுப்புக்குச் சென்றது. விரைந்த தாளக்கட்டும் ஆழ்ந்த அடித்தொனியும் கொண்ட, ‘டிரம் அண்ட் பேஸ்’ எனும் இசைவகை அது. இத்தீர்ப்பைப் பற்றிய வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இருதிறத்தார் கூற்றையும் கூர்ந்து நோக்குங்கள். “ஓகே கம்ப்யூட்டரை இன்றும் உலகம் கேட்கிறது, ஆதலின் நடுவர் தவறினர்” என்கின்றனர் ஒருசாரார். “நடன அரங்குகளில் வளர்ந்த ஓர் இளைய இசையை முழுத் தொகுப்பாக உயர்த்திக் காட்டியது நியூ பார்ம்ஸ், ஆதலின் தீர்ப்பு தக்கதே” என்கின்றனர் மறுசாரார். முதலாமவர், ‘எது நெடுங்காலம் நிலைக்கும்?’ என்ற வினாவுக்கு விடை கூறுகின்றனர். இரண்டாமவர், ‘இவ்வாண்டில் புதுவழி திறந்தது எது?’ என்ற வினாவுக்கு விடை கூறுகின்றனர். வினாக்கள் வேறு, ஆதலின் விடைகளும் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் வாதிடுவோர் எத்தனை ஆண்டு பேசினும் ஒரு முடிவுக்கு வாரார். உங்கள் விடுதி அறையில் நடக்கும் வாதங்கள் பலவற்றிலும் இதே நிலையைக் காணலாம்.

இனி, விடுபட்டவை பற்றிய வழக்கு. முதலாண்டுப் பட்டியலிலேயே ஜான் டாவனர் இயற்றிய மேலைச் செவ்வியல் இசைத் தொகுப்பு ஒன்று இருந்தது. பின்னர் அவ்வகை இசை மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து மறைந்தது. ஜாஸ் இசைக்கோ, பெயருக்கு ஓர் இடம் தருவதோடு சரி என்ற குறை நெடுநாள் இருந்தது. 2023-ஆம் ஆண்டில் எஸ்ரா கலெக்டிவ் குழுவினர் வென்றபோதுதான் ஜாஸ் குழு ஒன்று முதன்முதலாக இப்பரிசைப் பெற்றது. இதற்கு நடுவரின் செவியை மட்டும் குறைகூறுதல் தகாது. தொகுப்புகளைக் கட்டணம் செலுத்தி அனுப்பினால்தான் அவை நடுவரிடம் சென்றடையும். வாயிலுக்கு வாராத விருந்தினரை எவரும் உபசரித்தல் இயலாது. ஆகவே ஒரு பட்டியலைக் காணும்போது, ‘தேர்ந்தவர் யார்?’ என்று கேட்பதோடு, ‘எவை அனுப்பப்பட்டன?’ என்றும் கேட்டல் வேண்டும்.

மூன்றாம் வழக்கு இன்னும் ஆழமானது: பிரிட்டன் கலைஞர் என்பவர் யார்? 2005-இல் வென்ற ஆண்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவின் தலைமைப் பாடகர், இன்று அனோனி என அறியப்படுபவர், பிறந்தது இங்கிலாந்தில், வளர்ந்தது அமெரிக்காவில். “இவர் நம்மவர்தாமா?” என்ற வினா அன்று எழுந்தது. அதே ஆண்டுப் பட்டியலில், இலண்டனில் பிறந்து இலங்கையில் இளமையைக் கழித்த ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி அருட்பிரகாசத்தின் ‘அருளர்’ என்னும் தொகுப்பும் இருந்தது. தந்தையின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். அதற்கு முன்னரே, 1999-இல் தபேலாக் கலைஞர் தல்வின் சிங் பரிசை வென்றிருந்தார். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுசீலா ராமன், கருநாடக இசையின் சாயல் படிந்த தமது ‘சால்ட் ரெயின்’ தொகுப்பால் 2001-இல் பட்டியலில் இடம்பெற்றார்.

ஆயின் 2020-இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ரினா சவயாமா என்பவர் சப்பானில் பிறந்து, சிறு வயது முதல் பிரிட்டனில் வாழ்பவர். அங்கேயே படித்து, அங்கேயே பாடகியானவர். சப்பானியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆதலின் அவரிடம் பிரிட்டன் கடவுச்சீட்டு இல்லை. அதனால் அவருடைய தொகுப்பைப் போட்டிக்கு அனுப்பவே விதி இடந்தரவில்லை. இதனை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். இசையன்பர்கள் பலர் அவர் பக்கம் நின்று வாதாடினர். மறு ஆண்டில், 2021-இல், விதி திருத்தப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்தவரும் தகுதியுடையவர் என்பது புதிய விதி. வழக்காடுதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பரிசின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் நலம். ரேடியோஹெட் குழுவினர் ஐந்து முறை பட்டியலில் இடம்பெற்றும் ஒருமுறைகூட வென்றாரல்லர். அதனால் அவர் புகழ் குன்றவும் இல்லை. 2001-இல் கொரில்லாஸ் குழுவினர் தம் பெயரைப் பட்டியலினின்று நீக்குமாறு தாமே கேட்டுக்கொண்டனர். பரிசை வேண்டாதாரும் உண்டு என்பதை அது காட்டியது. எனினும் பலர் அறியாத ஓர் இளங்கலைஞரின் தொகுப்பைப் பட்டியல் வழியாக நாடு முழுதும் ஒரு மாதம் கேட்குமானால், அதுவே பெரும்பயன்.

மாணவச் செல்வங்களே! நீங்களும் பாடலைப் பற்றியும் படத்தைப் பற்றியும் நூலைப் பற்றியும் வாதிடத்தான் போகிறீர்கள். வாதிடுங்கள், வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் சில நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். ஒன்றைக் குறைகூறுமுன் அதனை முழுமையாகக் கேளுங்கள். ‘எனக்குப் பிடித்தது’ என்பதனையும் ‘இது சிறந்தது’ என்பதனையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள். முன்னதற்குக் காரணம் வேண்டா, பின்னதற்குக் காரணம் காட்டியே ஆகவேண்டும். எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். எதிர்த்து வாதிடுபவர் விரும்பும் இசையை ஒருநாள் அவர் அருகிலேயே அமர்ந்து கேளுங்கள். உங்கள் கருத்து மாறாமலே போகலாம். ஆயினும் அவர் அதில் கேட்பது யாது என்பது உங்களுக்கு விளங்கும். அதன்பின் உங்கள் வாதமும் பண்படும்.