கதையை முடிக்கவிடாத வாசகர்கள்

நூலாசிரியர் ஒருவர் தம் கதையை முடித்துவிட்டார். முடித்ததோடு அமையாது, இனி அதனைத் தொடரவே இயலாதவாறு கதவையும் அடைத்துத் தாழிட்டார். கதை நிகழும் நாட்டை மந்திரத்தினால் எவர் கண்ணுக்கும் புலனாகாமல் மறைத்தார். அந்நாட்டிலிருந்து இனி ஒரு செய்தியும் வெளியுலகிற்கு வாராதெனக் கதைநாயகியே எழுதியனுப்பியதாக ஒரு குறிப்பையும் நூலின் இறுதியிற் சேர்த்தார். இது 1910-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1913-இல் அதே ஆசிரியரின் பெயருடன், அதே நாட்டைப் பற்றிய ஏழாவது நூல் கடைகளுக்கு வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவருக்கும் அவருடைய வாசகர்களுக்குமிடையே நடைபெற்ற வழக்கு, இலக்கிய வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்றாகும். அவ்வாசகர்களுட் பெரும்பாலார் சிறுவர் சிறுமியர்.

அவ்வாசிரியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த லைமன் பிராங்க் போம். 1856-இல் நியூ யோர்க் மாநிலத்திற் பிறந்தவர். கோழி வளர்த்தார், நாடகமாடினார், டகோட்டாப் பிரதேசத்திற் கடை வைத்து நொடித்தார், சிறிது காலம் ஒரு பத்திரிகையை நடத்தினார், பீங்கான் பாத்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்கும் பிரயாண விற்பனையாளராகவும் அலைந்தார். நாற்பத்து நான்காவது வயதில், 1900-ஆம் ஆண்டில், சிக்காகோ நகரில் அவர் வெளியிட்ட நூலே ஒஸ் நாட்டின் அற்புத மந்திரவாதியைப் பற்றிய கதை. கன்சாஸ் மாநிலத்துச் சிறுமி டொறதி சூறாவளியிலே வீட்டோடு தூக்கியெறியப்பட்டு ஒஸ் நாட்டை அடைகின்றாள். மூளை வேண்டும் வெருளி, இருதயம் வேண்டும் தகர விறகுவெட்டி, துணிவு வேண்டும் கோழைச் சிங்கம் ஆகிய மூவரையும் துணையாகப் பெறுகின்றாள். இறுதியில் தன் ஊருக்கு மீள்கின்றாள். கதை அவ்வளவில் நிறைவுறுகின்றது. தொடர்ச்சி எழுதும் எண்ணம் போமுக்கு அப்போது இருந்ததில்லை.

கதை 1902-இல் சிக்காகோவிலும் மறு ஆண்டு நியூ யோர்க்கிலும் இசைநாடகமாக மேடையேறியது. வெருளியாகவும் தகர மனிதனாகவும் நடித்த இரு நகைச்சுவை நடிகர்கள் பெரும்புகழ் பெற்றனர். பிள்ளைகளின் கடிதங்களும் வரலாயின. இரண்டாவது நூலின் முன்னுரையிலே போம் ஒரு செய்தி சொல்கின்றார். டொறதி என்னும் பெயருடைய ஒரு சிறுமி தம்மை நேரிற் காண வந்து தொடர்ச்சி கேட்டாளாம். ஆயிரம் சிறுமியர் ஆயிரம் கடிதங்கள் எழுதினால் எழுதுவேன் என்று அவர் வாக்களித்தாராம். ஆயிரமும் வந்து சேர்ந்தனவாம். இம்முன்னுரைகளை முற்றிலும் சத்தியப்பிரமாணமாகக் கொள்ள வேண்டுவதில்லை. நூல் விற்பனைக்கும் அவை துணைசெய்தன என்பது வெளிப்படை. எனினும், கடிதங்கள் பொய்யல்ல. அடுத்தடுத்த நூல்களின் போக்கே அதற்குச் சான்று.

1904-இல் வந்த அவ்விரண்டாம் நூலில் வெருளி இருந்தான், தகர மனிதன் இருந்தான், டொறதி இல்லை. நாடகத்திற் புகழ்பெற்ற அவ்விரு நடிகர்களுக்கே ஆசிரியர் நூலைக் காணிக்கையாக்கியிருந்தார். அவர் கண் மேடையின்மீது இருந்ததென்பதில் ஐயமில்லை. மறு ஆண்டே அதனை ஒரு நாடகமாக்கினார், அது தோல்வியுற்றது. பிள்ளைகளின் கண்ணோ மேடையில் இல்லை. டொறதி எங்கே? கோழைச் சிங்கம் என்னவாயிற்று? புதிதாக அரசியான ஒஸ்மாவை டொறதி சந்திக்கமாட்டாளா? இவையே அவர்கள் கேட்ட கேள்விகள். 1907-இல் மூன்றாம் நூல் இக்கேள்விகளுக்கு விடையாக வெளிவந்தது. புயலில் அகப்பட்டு, பேசுங் கோழியொன்றுடன் கடலில் மிதந்து வரும் டொறதி, சிங்கத்தையும் காண்கின்றாள், ஒஸ்மாவையும் காண்கின்றாள். தொடரின் சிறந்த நூல்களுள் இதுவும் ஒன்றெனப் பலர் கருதுவர். வாசகர் கேட்டதைக் கொடுத்தால் எழுத்துத் தாழ்ந்துவிடும் என்போர் இந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

அடுத்துப் பிள்ளைகள் மந்திரவாதியைக் கேட்டனர். 1908-இல் அவரும் ஒஸ் நாட்டிற்குத் திரும்பினார். இங்கே ஒரு சிக்கல். ஒஸ்மா குழந்தையாயிருந்தபோது அவளைச் சூனியக்காரியிடம் ஒப்படைத்தவர் இம்மந்திரவாதியே என்று 1904-ஆம் ஆண்டு நூல் கூறியிருந்தது. நான்காம் நூலிலோ ஒஸ்மா அவரை அன்போடு வரவேற்கின்றாள். பழைய குற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வாசகர் விரும்பும் ஒருவர் தீயவராக இருத்தல் ஆகாதென்று போம் தீர்மானித்தார் போலும். முதல் நூலிற் சூனியக்காரியர் மடிகின்றனர். பின்னைய நூல்களில் அந்நாட்டில் மரணமே இல்லை. கதை வளர வளர, அதன் பழைய சட்டங்கள் புதிய அன்பிற்கு இடங்கொடுத்து விலகின.

பிள்ளைகளின் கேள்விகள் வெறும் ஆசையில் எழுந்தவை என்று ஒதுக்குதல் முறையாகாது. ஒன்றை எடுத்துக் காட்டலாம். டொறதியின் நாய்க்குட்டியாகிய டோட்டோ முதல் நூலிற் பேசுவதில்லை. பின் வந்த நூல்களில் கோழி பேசுகின்றது; குதிரை பேசுகின்றது; பூனைக்குட்டியும் பேசுகின்றது. அங்ஙனமாயின் டோட்டோ மட்டும் ஏன் ஊமை? ஒரு கற்பனை உலகத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டென்றும், அவ்வொழுங்கை ஆசிரியரும் மீறலாகாதென்றும் கருதுபவனுக்கே இக்கேள்வி தோன்றும். வளர்ந்த திறனாய்வாளர் பலருக்கு இது தோன்றவில்லை. 1914-இல் வந்த எட்டாவது நூலின் முடிவிலே போம் இதற்கு விடையளித்தார்: டோட்டோவாற் பேச முடியும், அது பேச விரும்பவில்லை, அவ்வளவே.

1909-ஆம் ஆண்டு நூலில் ஆசிரியரின் சலிப்பு தெரிகின்றது. வழிநடையாகச் செல்லும் கதை. இறுதியில் ஒஸ்மாவின் பிறந்தநாள் விழா. விழாவிற்கு வரும் விருந்தினரோ போமின் ஏனைய நூல்களிலிருந்து அழைக்கப்பட்டவர்கள். ஒஸ் நாட்டையே விரும்பும் பிள்ளைகளுக்குத் தம் மற்றைய படைப்புக்களையும் அறிமுகஞ் செய்துவைக்க அவர் முயன்றார் என்றே கொள்ள வேண்டும். அவரிடம் வேறு கதைகள் இருந்தன. அவற்றைக் கேட்பார் குறைவு. மறு ஆண்டு வந்த ஆறாவது நூலின் முன்னுரையில், வாசகர்களின் யோசனைகள் இத்துணை மிகுதியாகக் கலந்திருப்பதால், ஆசிரியர் பெயருக்கு அருகில் அவர்களையும் குறிப்பிட்டிருக்கலாமென்று வேடிக்கையாக எழுதினார். வேடிக்கைதான், ஆயினும் அதனுள் ஒரு பெருமூச்சும் கேட்கின்றது.

அந்த ஆறாவது நூலே, மரகத நகரைப் பற்றியது, கதவடைத்த நூலாகும். அதன் தொடக்கம் கவனிக்கத் தக்கது. டொறதியின் மாமா ஹென்றி கடனாளி. வீட்டையும் நிலத்தையும் ஈடு வைத்துப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. டொறதி மாமாவையும் மாமியையும் ஒஸ் நாட்டிற்கே அழைத்துச் சென்று குடியமர்த்துகின்றாள். இதனை எழுதிய காலத்திற் போமும் கடனாளியே. 1908-இல் அவர் தம் கதைகளை வண்ணப் படங்களும் சலனப்படச் சுருள்களும் இசைக்குழுவுங் கொண்டு ஊர் ஊராகக் காட்டினார். அக்காட்சியிலே பெரும் பணத்தை இழந்தார். அதன் பெயரில் ‘ரேடியோ’ என்னும் சொல் இருந்ததெனினும், இன்று நாம் கேட்கும் வானொலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாமா ஹென்றிக்கு ஒஸ் நாடு புகலிடமாயிற்று. போமுக்கு அத்தகைய நாடொன்றும் அகப்படவில்லை. 1911-ஆம் ஆண்டில் அவர் வங்குரோத்தானவர் என நீதிமன்றிற் பதிவாயிற்று. முதல் நூலின் வருவாயும் கடன்காரர் வசமாயிற்று.

அதே ஆண்டில் வேறொரு சிறுமியைக் கதைநாயகியாகக் கொண்டு கடல்வாழ் தேவதைகளைப் பற்றியும், 1912-இல் வானத்துத் தீவொன்றைப் பற்றியும் இரு நூல்கள் எழுதினார். கற்பனை வளத்திற் குறைந்தவையல்ல. இரண்டாவதை ஒஸ் நூல்கள் சிலவற்றினும் மேலாக மதிப்போர் உளர். ஆயினும் அவை ஒஸ் நூல்களைப்போல விலைபோகவில்லை. வானத்துத் தீவிலே பழைய ஒஸ் பாத்திரங்கள் இருவரை அவர் கொண்டுவந்து நிறுத்தியும் பயன் விளையவில்லை. பிள்ளைகள் மறுபடியும் ஒஸ் நாட்டையே கேட்டு எழுதினர். எழுத்தாளனுக்கு இதனினும் கடுமையான தீர்ப்பு வேறில்லை. நூலைக் குறைகூறினால் மறுமொழி சொல்லலாம். நல்ல நூலென்று ஏற்றுக்கொண்டு, ஆனால் எங்களுக்கு வேண்டியது அதுவன்று என்பாரிடம் யாது சொல்வது?

மறைந்த நாட்டை எவ்வாறு மீட்பது? தாமே பூட்டிய கதவைத் திறக்கும் வழியைப் போம் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கொடுத்தது. 1913-ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலே அவர் கூறுவது இது: ஒஸ் நாட்டோடு தொடர்பு அறுந்தமை வாசகர்க்கும் வருத்தத்தைத் தந்தது, அவர்களுள் ஒருவர், கம்பியில்லாத் தந்தியின் மூலம் டொறதியோடு பேசினால் என்னவென்று கேட்டு எழுதினார். அக்காலத்தில் அது வியப்பூட்டும் புதுமை. 1912-இல் டைற்றானிக் கப்பல் மூழ்கியபொழுது உதவி கோரிய செய்தி கம்பியில்லாத் தந்தியினாலேயே பிற கப்பல்களை எட்டியது. நாடு முழுவதும் அதனைப் பற்றியே பேச்சு. போம் தம் வீட்டின் பின்புறத்தில் உயர்ந்த கோபுரமொன்றை நாட்டி, அத்தந்தி முறையைப் பயின்று, டொறதியை அழைத்ததாகவும், ஒஸ் நாட்டில் அம்முறையை அறிந்த ஒருவர் விடையளித்ததாகவும், ஒஸ்மா அனுமதி வழங்கியதாகவும் முன்னுரை விரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத நாடாயின் என்ன, காதுக்கு எட்டினாற் போதாதா? கற்பனையில் எழுந்த சிக்கலை விஞ்ஞானத்தின் புதுமையால் அவிழ்த்த அப்பிள்ளையின் மதிநுட்பத்தை, வானொலி நேயர்கள் பிறரினும் நன்றாக உணர்வர்.

ஏழாவது நூல் கல்லாகிவிட்ட தன் மாமனை மீட்கப் புறப்படும் ஒரு சிறுவனின் கதை. ஒட்டுத்துணிகளால் தைத்து உயிரூட்டப்பட்ட பெண்ணொருத்தி அவனுக்குத் துணை. மூன்றாண்டு இடைவெளி ஆசிரியருக்கு நன்மையே செய்தது என்பதை இந்நூல் காட்டும். அதன்பின் அவர் மறுபடியும் கதவடைக்க முயலவில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கொரு நூல் வந்தது. ஒஸ்மா தொலைந்து போனால் நாட்டார் எத்துணை வருந்துவர் என்று பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கூறினாளாம். 1917-ஆம் ஆண்டின் நூல் காணாமற்போன அவ்வரசியைப் பற்றியது.

வாசகர் கேட்டதைக் கொடுத்தாரென்றால், விரும்பிய முடிவையே கொடுத்தார் என்பது பொருளன்று. தகர விறகுவெட்டி தகரமாவதற்கு முன் ஒரு பெண்ணை மணக்க இருந்தான். அவள் என்னவானாள் என்று பலர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தனர். 1918-ஆம் ஆண்டு நூலில் அவன் அவளைத் தேடிச் செல்கின்றான். இருவரும் சேர்ந்துவிடுவர் என்றே பிள்ளைகள் எதிர்பார்த்திருப்பர். அவளோ வேறொருவனை மணந்து, தன் வீட்டில் அமைதியாக வாழ்கின்றாள். கணவன் எத்தகையவன் என்றால், தகர மனிதனும் தகரப் போர்வீரன் ஒருவனும் இழந்த பழைய உடலுறுப்புக்களை ஒட்டிச் செய்யப்பட்டவன். அவள் அவனை விட்டுவர மறுக்கின்றாள். வந்தவர்கள் திரும்பிச் செல்கின்றனர். கேள்வி பிள்ளைகளுடையது, விடை ஆசிரியருடையது. பணிந்து எழுதினார் என்று அவரைப் பழிப்போர் இந்நூலைக் கணக்கிற் கொள்வதில்லை.

அவ்வாண்டிற் போம் நோயுற்றிருந்தார். சத்திர சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவாறு எழுதினார். பதின்மூன்றாவது நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில், நெடுநாள் நோயினால் எல்லாக் கடிதங்களுக்கும் பதில் எழுத இயலவில்லையென வருந்தி, தபால் முத்திரை வைத்து அனுப்பியவர்களுக்கு மட்டும் எழுதியதாகவும், இனிமேல் ஒவ்வொரு கடிதத்திற்கும் தாமதமின்றிப் பதில் எழுதக் கருதியிருப்பதாகவும் கூறுகின்றார். 1919-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ஹொலிவுட்டிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். அந்நூல் அடுத்த மாதம் கடைகளுக்கு வந்தது. பதில் வருமென்ற வாக்கைப் பிள்ளைகள் படித்தபொழுது, அதனை அளித்தவர் இல்லை.

அவர் எழுதி வைத்திருந்த பதினான்காவது நூல் 1920-இல் வெளிவந்தபோது, ஆசிரியரின் மறைவைப் பிள்ளைகளுக்கு அறிவிக்கும் குறிப்பொன்றைப் பதிப்பகத்தார் அதன் முகப்பிற் சேர்த்தனர். தொடர் அங்கே நிற்கவில்லை. ரூத் பிளம்லி தொம்சன் என்னும் இளம் பெண் எழுத்தாளர் 1921 முதல் 1939 வரை பத்தொன்பது நூல்களை எழுதினார். போம் முதல் நூலை வெளியிட்டபொழுது அவர் ஒன்பது வயதுச் சிறுமி. 1921-இல் வந்த அவருடைய முதல் நூல் முற்றிலும் அவர் எழுதியது. ஆயினும் அதன் அட்டையிலே நூலாசிரியர் என அச்சிடப்பட்டிருந்த பெயர் பிராங்க் போம் என்பதே.