விளையாட்டுத் திடலில் துண்டு

துண்டு என்றவுடன் தமிழர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது தோள். முகம் துடைக்கவும், தலைப்பாகை கட்டவும், சும்மாடாகச் சுருட்டிச் சுமை தாங்கவும், பேருந்தின் சன்னல் வழியே எறிந்து இடம் பிடிக்கவும் அது நமக்குப் பயன்படுகிறது. பெரியோர் முன்னிலையில் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க நேர்ந்த துண்டு, சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகளையும் பேசியதுண்டு. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் செல்லும் தமிழரின் பெட்டியில் வேறு எது இல்லாவிடினும் இரண்டு துண்டுகள் இருக்கும். அத்துண்டு விளையாட்டுத் திடலில் எவ்வாறு பயன்படும் என்பதையும், அதைத் தெரிந்தெடுக்கும் முறையையும், எடுத்துச் செல்லும் வகையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெங்களூரின் கிழக்குப் பகுதியிலுள்ள தொம்மலூர் தமிழருக்குப் புதிய இடமன்று. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். அதே தொம்மலூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பரந்த பசும்புல் திடலும் இருக்கிறது. இந்நகருக்குக் கோல்ஃப் நெடுநாளைய பழக்கம். பெங்களூர் கோல்ஃப் கழகம் 1876ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கோல்ஃப் ஆடுவோரின் பையைக் கவனித்தால் அதன் புறத்தே ஒரு துண்டு தொங்குவதைக் காணலாம். மட்டையின் முகத்திலுள்ள சேற்றைத் துடைக்கவும், கைப்பிடியை உலர்த்தவும் அது உதவுகிறது.

கோல்ஃப் கழகத்தின் கட்டணம் எல்லோருக்கும் எட்டுவதன்று. ஆனால் கோல்ஃபின் இளைய உடன்பிறப்பாகிய டிஸ்க் கோல்ஃப் எளியோருக்கும் ஏற்றது. பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக இதில் பறக்கும் தட்டு ஒன்றே போதும். குழிக்கு மாறாக, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை ஒன்று கம்பத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். மிகக் குறைந்த எறிதல்களில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவரே வென்றவர். அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் என்பவரின் முயற்சியால் 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென முதல் நிரந்தரத் திடல் அமைந்தது. அதற்கு முன்னர் மரங்களையும் விளக்குக் கம்பங்களையுமே இலக்காகக் கொண்டு ஆடினர். ஆகவே, அனுமதியுள்ள திறந்தவெளியும் நான்கு மரங்களும் கிடைத்தால் விடுமுறை நாளில் நண்பர்கள் கூடி ஆடுவதற்குத் தடையில்லை.

இவ்விளையாட்டில் துண்டுக்கு ஏன் இத்துணை முதன்மை? சென்னைக் கடற்கரையில் இளைஞர் ஆடும் அல்டிமேட் ஆட்டத்தின் தட்டு 175 கிராம் எடையுள்ளது. கோல்ஃப் தட்டு அதைவிடக் குறுக்களவில் சிறியது. ஆயின் அதன் விளிம்பு கூர்மையானது. எறிபவர் விளிம்பை விரல்களால் இறுகப் பற்றி, உடலைத் திருப்பி, கடைசிக் கணத்தில் விடுவிக்கிறார். விளிம்பில் ஒரு துளி நீர் இருந்தாலும் தட்டு அக்கணத்திற்கு முன்னரே வழுக்கி, எண்ணாத திசையில் பாயும். பூங்காவில் குழந்தைகள் ஓடுவர், முதியோர் நடைபயில்வர். வழுக்கிய தட்டு அவர்களில் ஒருவரின் கண்ணிலோ நெற்றியிலோ பட்டால் விளையாட்டு வினையாகிவிடும். ஆதலின் துண்டு என்பது ஆடுபவரின் வசதிக்கு மட்டும் உரியதன்று. அருகில் இருப்போரின் பாதுகாப்புக்கும் உரியது.

பெங்களூரின் தட்பவெப்பம் இத்தேவையை மிகுவிக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை பெய்யும். பின்னர்த் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது முடியுமுன்னரே வடகிழக்குப் பருவமழையின் பங்கும் வந்துசேரும். மழை ஓய்ந்த மார்கழிக் காலையிலோ புல் முழுதும் பனித்துளி நிற்கும். ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் தட்டு ஈரத்தில்தான் விழும். 18 கூடைகளுக்குக் கூடைக்கு மூன்று எறிதல் எனக் கொண்டாலும் ஓர் ஆட்டத்தில் 54 முறை துடைக்க வேண்டியிருக்கும்.

இனித் துண்டைத் தெரிந்தெடுக்கும் முறையைக் காண்போம். கடைகளில் மூவகைத் துண்டுகள் கிடைக்கின்றன. முதலாவது, நாம் டர்க்கி டவல் என்று வழங்கும் பூந்துண்டு. துருக்கி நாட்டில் கையால் நெய்யப்பட்ட வளைய நூல் துணியை ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் கண்டு கொணர, அதைப் பொறியில் நெய்யும் வழியை 1850ஆம் ஆண்டளவில் சாமுவேல் ஹோல்ட் அமைத்தார். அவ்வரலாற்றைத்தான் அதன் பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. நம் நாட்டில் சோலாப்பூர் இதற்குப் பெயர்பெற்றது. வளைய நூல்கள் மிகுந்த பரப்பைத் தருவதால் இது நீரை நன்கு உறிஞ்சும். ஆனால் எடை மிகுதி. உலர நெடுநேரம் ஆகும்.

இரண்டாவது, நம் ஈரிழைத் துண்டு. ஈரோடு, சென்னிமலை, கரூர் வட்டாரங்களில் நெய்யப்படும் பருத்தித் துண்டுகள் பெங்களூர்ச் சிக்பேட்டைக் கடைகளுக்கும் வருவன. இது ஒரு முறையில் உறிஞ்சும் நீர் குறைவே. எனினும் பிழிந்து உதறினால் விரைவில் உலர்ந்து மீண்டும் பணிக்கு வரும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். பருத்தி இழை நனைந்தபோது வலிமை கூடும் இயல்புடையதாகலின் அடிக்கடி பிழிவதால் கெடுவதுமில்லை. மூன்றாவது, மைக்ரோ ஃபைபர் எனப்படும் செயற்கை நுண்ணிழைத் துண்டு. நுண்ணிழைகளின் இடைவெளிகள் நீரை விரைவாக ஈர்க்கும்; எடையும் குறைவு. ஆனால் புல்நுனியும் மணலும் அதில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும். கொதிநீரில் இட்டால் இழை கெடும்.

எடையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள துணியில், 150 சென்டிமீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட குளியல் துண்டு ஏறக்குறைய 500 கிராம் இருக்கும். நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதே துணியில் 60க்கு 40 சென்டிமீட்டராக வெட்டி ஓரம் தைத்த துண்டோ ஏறத்தாழ 110 கிராம்தான். ஆகவே, சிறிய பூந்துண்டு ஒன்றும் ஈரிழைத் துண்டு ஒன்றுமாக இரண்டு கொள்வதே சிறந்தது என்பது எம் கருத்து. பூந்துண்டு சேற்றுக்கும் மிகுந்த நீருக்கும். ஈரிழைத் துண்டு இறுதியாக உலர்த்துவதற்கு.

புதிய துண்டை வாங்கிய அன்றே திடலுக்குக் கொண்டுசெல்லலாகாது. நெசவில் இட்ட கஞ்சியும் மெருகும் அதில் தங்கியிருக்கும். அவை நீரை ஏற்கவிடா. இரண்டு மூன்று முறை துவைத்தபின்னரே துண்டின் உறிஞ்சும் ஆற்றல் வெளிப்படும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின்மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சும் ஆற்றலைக் குறைப்பதால் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

எடுத்துச் செல்லும் முறைக்கு வருவோம். பூந்துண்டின் ஒரு மூலையில் காது தைத்து, கொக்கியால் பையின் புறத்தே மாட்டலாம். அது தரையில் புரளாதிருக்க வேண்டும். தரையில் புரண்ட துண்டு மணலை ஏந்தித் தட்டைக் கீறும். ஈரிழைத் துண்டை நீர்புகா உறையிலிட்டுப் பைக்குள் வைக்க வேண்டும். மழையில் வெளியே தொங்கும் துண்டு துடைக்க உதவாது. கோல்ஃப் ஆடுவோர் மழை நாளில் குடையின் கம்பிகளில் உட்புறமாகத் துண்டைத் தொங்கவிடுவர். குடையே துண்டுக்குக் கூரையாகும் இம்முறையை நாமும் மேற்கொள்ளலாம்.

துடைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் தட்டை உதறி, அடிக்குழிவில் நிற்கும் நீரைப் போக்குக. அடுத்துப் பூந்துண்டால் சேற்றை அகற்றுக. பின்னர் ஈரிழைத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி விளிம்பின் உட்புறத்தைச் சுற்றி உலர்த்துக. விரல்கள் பற்றுமிடம் அதுவே. இறுதியில் விரல்களைத் துடைத்து, எதிரே ஒருவரும் இல்லை என்று கண்டபின் எறிக. எத்துணைத் துடைத்தும் பிடி நிற்காத பெருமழையாயின் ஆட்டத்தை நிறுத்துவதே அறிவுடைமை.

துண்டைப் பயன்படுத்துவதில் விதியும் குறுக்கிடுவதுண்டு. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த கோல்ஃப் போட்டியில் கிரெய்க் ஸ்டாட்லர் என்னும் வீரர், தாழ்ந்த மரக்கிளைகளின் கீழிருந்து பந்தை அடிக்க முழந்தாளிட நேர்ந்தது. காற்சட்டை நனையாதிருக்கத் தரையில் துண்டை விரித்து அதன்மேல் முழந்தாளிட்டார். நிற்குமிடத்தைச் செயற்கையாக அமைத்துக்கொள்ளுதல் அவ்விளையாட்டின் விதிக்கு மாறானது. தொலைக்காட்சியில் கண்டோர் அதைச் சுட்டிக்காட்ட, மறுநாள் அவர் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டு, தமக்குரிய இரண்டாம் நிலையை இழந்தார். பேருந்தில் துண்டு விரித்தால் இடம் கிடைக்கும். அங்கோ துண்டு விரித்ததால் இடம் போயிற்று! போட்டிகளில் கலந்துகொள்வோர் அவ்வப்போது நடைமுறையிலுள்ள விதிகளை முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

உடல்நலம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஓரறையில் மூவர் நால்வராகத் தங்கி வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். ஆடித் திரும்பியபின் ஈரத்துண்டைப் பையிலேயே விட்டுவிடுவதும், ஒருவர் துண்டை மற்றவர் எடுத்துத் துடைப்பதும் அவர்களிடையே இயல்பு. படர்தாமரை போன்ற தோல்நோய்கள் பரவ இதுவே போதும். தட்டைத் துடைக்கும் துண்டு முகத்திற்கு ஆகாது. ஒருவர் துண்டு மற்றவருக்கு ஆகாது. திரும்பியவுடன் அலசி, காற்றோட்டமான இடத்தில் விரித்து, வெயில் கிட்டும் நாளில் வெயிலிலும் உலர்த்த வேண்டும். அறைத்தோழர்கள் தத்தம் துண்டுக்கு வெவ்வேறு நிறக் கரையைத் தெரிந்துகொண்டால் குழப்பம் நேராது.

விலையுயர்ந்த தட்டுகள் வாங்க இயலாதவரும் துண்டைச் செவ்வனே பேணலாம். அடுத்த முறை ஊருக்குச் சென்று திரும்புகையில் ஈரிழைத் துண்டு இரண்டைக் கூடுதலாகக் கொண்டுவருக. ஒன்று தமக்கு, மற்றொன்று, உடன் ஆடும் கன்னட நண்பருக்கு.