மத்தியதரைத் தீவுகள்: ரத்தத்தில் ஒரு கையெழுத்து

மால்ட்டாவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் மதினா, மோஸ்டா, கற்காலக் கோயில்கள் என்று பஸ் மாறி மாறி அலையாதீர்கள். மால்ட்டாவின் தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. ஆனால் போக்குவரத்து நெரிசலில் அது சென்னைக்குச் சளைத்ததல்ல. பேசாமல் தலைநகர் வல்லெட்டாவிலேயே தங்கிவிடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஊர்.

காலைப் பசிக்குப் பாஸ்டிட்ஸி. உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணி மசியலோ இருக்கும். பட்டாணி வைத்தது நம்மூர் பப்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைச் சாப்பிட்டுவிட்டு நேராகப் புனித யோவான் பேராலயத்துக்குப் போங்கள்.

1565இல் ஒட்டோமான் படை இந்தத் தீவை முற்றுகையிட்டுத் தோற்றது. அடுத்த ஆண்டே, வெறும் பாறை மேடாகக் கிடந்த இடத்தில், அப்போது தீவை ஆண்ட துறவி வீரர்களின் அமைப்பான புனித யோவான் சபையின் தலைவர் வலெட் இந்தப் புது நகருக்கு அடிக்கல் நாட்டினார். பேராலயத்தைக் கட்டியவர் ராணுவப் பொறியாளர். அதனால் வெளித்தோற்றம் கோட்டைச் சுவர்போல முரட்டுத்தனமாக இருக்கிறது. உள்ளே போனால் எங்கும் தங்கப் பூச்சு. எனக்கு அது கொஞ்சம் திகட்டியது. தரை அப்படியல்ல. சபை வீரர்களின் ஏறத்தாழ 400 கல்லறைகள்தான் தளமே. வண்ணச் சலவைக்கல்லில் எலும்புக்கூடுகளும் குலச் சின்னங்களும். கல் கீறிவிடும் என்பதால் கூர்குதிச் செருப்புக்கு அனுமதி இல்லை.

பக்கத்துப் பிரார்த்தனைக் கூடத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'புனித யோவானின் சிரச்சேதம்'. ஐந்து மீட்டருக்கும் அதிக அகலம். அதில் பாதிக்குமேல் வெறும் சுவர். வெட்டு முழுதாக விழவில்லை; கொலையாளி முதுகுப்புறம் செருகிய குறுவாளுக்குக் கையை நீட்டுகிறான். பணிப்பெண் தட்டைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள். கம்பிக்குப் பின்னால் இரண்டு கைதிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். வழிந்த ரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக நாம் அறிந்த ஒரே ஓவியம் இதுதான்.

ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் அவர். 1608 ஜூலையில் சபை அவரை வீரராக ஏற்றது. அடுத்த மாதமே அடிதடி, பிறகு சிறை. மேல் பராக்கா பூங்காவில் நின்றால் துறைமுகத்துக்கு அப்பால் அவரை அடைத்துவைத்த சான்ட் ஆஞ்சலோ கோட்டை தெரியும். நடுப்பகலில் பூங்காவையொட்டிப் பீரங்கி முழங்கும். அந்த நேரத்துக்குப் போங்கள். கோட்டைப் பக்கம் போகப் படகும் உண்டு.

அந்தச் சிறையிலிருந்தும் அவர் தப்பிவிட்டார். டிசம்பர் 1ஆம் தேதி, அவர் வரைந்த அதே ஓவியம் தொங்கிய கூடத்தில் கூடி, சபை அவரை விலக்கியது. அவரோ அதற்குள் சிசிலி போய்ச் சேர்ந்து, சிரக்யூஸ் நகரில் அடுத்த பெரிய ஓவியத்தில் இறங்கியிருந்தார். அடுத்த வாரம் நாமும் சிசிலிக்கே போகிறோம்.