ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள்

2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த வேலம்பாளையம், பதிவேடுகளில் ‘15 வேலம்பாளையம்’ என்றே எழுதப்பட்டது. கொங்கு நாட்டில் இதே பெயரில் வேறு ஊர்களும் இருப்பதால், முன்னால் நிற்கும் எண் இவ்வூரை ஐயமின்றிச் சுட்டிவிடுகிறது. ஒரு பனியன் கம்பெனியின் உள்வலையில், அதாவது ஒரே வளாகத்துக் கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் வலையில், பிரிண்டர்களும் இவ்வாறே எண்ணால் வேறுபடுகின்றன.

இணையத்தில் பெயர்களைப் பதிவு செய்து தர அமைப்புகள் உண்டு. உள்வலையிலோ பெரும்பாலும் அப்படி எவரும் இல்லை. ஆகவே, ஆப்பிள் நிறுவனப் பொறியாளர்களான ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் க்ரோக்மலும் எழுதி 2013 பிப்ரவரியில் வெளியான ‘மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்’ நெறிமுறை, பெயரை வேண்டும் கருவியே வலையிலுள்ள அனைத்தையும் கேட்டறிய வேண்டும் என்கிறது. புதிதாக இயங்கத் தொடங்கும் பிரிண்டர், தான் விரும்பும் பெயர் வேறெதனிடமாவது உள்ளதா என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை வினவுகிறது. மறுப்பு வராவிட்டால் அப்பெயரைத் தன்னுடையதென அறிவிக்கிறது, வந்தால் விட்டுக்கொடுத்து, ‘(2)’ போன்ற எண்ணைச் சேர்த்து மீண்டும் வினவுகிறது. இரண்டு கருவிகள் ஒரே வேளையில் கேட்டால், அவற்றின் பதிவுகள் பைட் பைட்டாக ஒப்பிடப்பட்டு, மதிப்பில் குறைந்தது ஒரு நொடி காத்திருந்து மறுபடி முயல்கிறது.

உண்மையான இடர் மின்தடைக்குப் பின்னரே எழுகிறது. செக்கிங் பிரிவிலும் பேக்கிங் பிரிவிலும் ஒரே மாடல் பிரிண்டர்கள் இருந்து, ஒன்று மட்டும் ‘(2)’ பெற்றிருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் திரும்பும்போது இரண்டும் ஒருசேர விழித்துப் பழைய பெயருக்கே போட்டியிட்டால், பெயர்கள் இடம்மாறி, அட்டைப்பெட்டிக்குரிய ஸ்டிக்கர் செக்கிங் மேசையில் அச்சாகிவிடும். கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நாளில் இது சிறு பிழையன்று. இதற்காகவே, புதிதாகப் பெற்ற பெயரைக் கருவி தன் நிலையான நினைவகத்தில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே முதலில் கோர வேண்டும் என்று நெறிமுறை பணிக்கிறது. சேவையை வலையில் அறிவிக்கும் மென்பொருளை எழுதுவோருக்கும் இதே பொறுப்பு உண்டு: கேட்ட பெயரே கிடைத்துவிட்டதாகக் கருதி, இயங்குதளம் திருப்பித் தரும் இறுதிப் பெயரைப் பாராமல் விடும் நிரலால், பயனர் இல்லாத பெயரைத் தேடி அலைய நேர்கிறது.

பிரிவின் பெயரையே பிரிண்டருக்குச் சூட்டிவிட்டால் இத்தகைய மோதல் அரிதாகும். ஆயினும், தனித்தனியே இயங்கிய இரு கட்டடங்களின் வலைகள் பின்னாளில் ஒரு கேபிளால் இணைக்கப்படும்போது, இரண்டு ‘பேக்கிங்’ பிரிண்டர்கள் எதிர்ப்பட்டு, நெடுநாள் தமதாக இருந்த பெயருக்காக இரண்டும் மீண்டும் முதல் வினாவிலிருந்தே தொடங்குகின்றன.