குரலும் மெய்யும்: அருளுரையாளர் தம் உடலைக் கையாளும் வகை

ஞாயிறு காலையில் சேகரத்தின் இரண்டு மூன்று ஆலயங்களில் வழிபாடு நடத்தி, மாலையில் வீட்டுக் கூட்டத்திலும் பேசிய ஆயரின் குரல் திங்களன்று எழும்பாமற் போவது நம்மிடையே புதிதன்று. மிளகுக் கஷாயமும் பனங்கற்கண்டும் இதற்கெனவே நம் இல்லங்களில் இருக்கின்றன. தொண்டை கெட்டது, ஆதலின் தொண்டைக்கு மருந்து என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். கேடு தொடங்கிய இடம் தொண்டைதானா என்று கேட்பதில்லை. துக்க வீட்டில் ஆறுதல் கூற அழைக்கப்பட்ட நாளில் வாய் திறக்க முடியாமல் நிற்கும் ஆயருக்கே அக்கேள்வியின் அருமை விளங்கும்.

இக்கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர் ஓர் இறையியலாளர் அல்லர், மேடைக் கலைஞர். எஃப். எம். அலெக்சாண்டர் 1869 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியாத் தீவில் பிறந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதிகளை மேடையில் ஒப்பிப்பது அவர் தொழில். நாளடைவில் மேடையேறும்போதெல்லாம் குரல் கம்மத் தொடங்கியது. மருத்துவர் கூறியபடி இரண்டு வாரம் பேச்சைக் குறைத்து ஓய்வு கொண்டார், குரல் தெளிந்தது. ஆனால் நிகழ்ச்சியின் பாதியிலேயே கரகரப்பு மீண்டது. அப்பொழுது அவர் செய்த முடிவு எளியது: ஓய்வில் நலமாயிருந்த குரல் மேடையில் கெடுமாயின், மேடையில் நின்று பேசும்போது தாம் ஏதோ செய்கிறார். அது என்ன என்பதை மருத்துவரால் கூற இயலவில்லை.

ஆகவே அவர் கண்ணாடியின் முன் நின்று தம்மையே நோக்கலானார். இயல்பாகப் பேசுகையில் தவறொன்றும் தென்படவில்லை. ஒப்பிக்கத் தொடங்கியதும் மூன்று செயல்களைக் கண்டார்: தலை பின்னோக்கி இழுபடுகிறது, குரல்வளை கீழே அழுத்தப்படுகிறது, மூச்சு வாய்வழியே ஓசையுடன் உறிஞ்சப்படுகிறது. பின்னர் ஊன்றிப் பார்த்தபோது, இம்மூன்றும் இயல்பான பேச்சிலும் சிறிய அளவில் நிகழ்வதை அறிந்தார். குரல்வளையையும் மூச்சையும் நேராகத் திருத்த அவரால் முடியவில்லை. தலை பின்னே இழுபடுவதை ஓரளவு தடுத்தபோதோ மற்ற இரண்டும் தாமே குறைந்தன. கால்விரல்களால் தரையைப் பற்றி நிற்கும் பழக்கமும் இக்கோளாற்றின் ஒரு பகுதி என்பது பின்னரே தெரிந்தது. தரையைக் காலாற் பற்றுமாறு அவருக்குக் கற்பித்தவரே ஓர் ஆசிரியர்தாம்! குரலின் கேடு தொண்டையில் இல்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை அவர் தம்மைக் கையாண்ட முறையில் இருந்தது.

இதற்கடுத்த கண்டுபிடிப்பே இறையியல் பயில்வோர் நின்று கவனிக்க வேண்டியது. தலையை முன்னும் மேலுமாகச் செலுத்திக்கொண்டு பேசுவதாக அவர் முழு நிச்சயத்துடன் உணர்ந்தார். மேலும் இரு கண்ணாடிகளைப் பக்கங்களில் வைத்துப் பார்த்தபோது, தலை முன்போலவே பின்னுக்கு இழுபட்டிருந்தது. சரியென்று அவர் உணர்ந்தது பழகியதையே. நெடுநாள் தவறாக நின்றவனுக்கு நேராக நிற்பது கோணலாகத் தோன்றும். இந்நிலையில் நன்கு செய்ய வேண்டும் என்று முயலும் முயற்சி, பழைய பழக்கத்துக்கே வலுவூட்டும்.

ஆகவே அவர் முயற்சியைக் கூட்டவில்லை, நிறுத்தினார். பேச வேண்டும் என்ற தூண்டுதல் எழுந்தவுடன் அதற்கு இணங்க மறுத்தார். அந்த இடைவெளியில் கழுத்து இறுக்கமின்றி இருக்கட்டும், தலை முன்னும் மேலும் செல்லட்டும், முதுகு நீண்டு அகலட்டும் என்று உள்ளத்தில் கட்டளையிட்டார். பேசுவதா, பேசாதிருப்பதா, அன்றிக் கையை மட்டும் உயர்த்துவதா என்று அந்தக் கணத்தில் புதிதாகத் தீர்மானித்தார். பேசியே தீர வேண்டும் என்ற குறி தளர்ந்த பின்னரே பழக்கத்தின் பிடி தளர்ந்தது. 1904 ஆம் ஆண்டு இலண்டன் சென்று 1955 இல் இறக்கும் வரை அவர் கற்பித்ததன் சாரம் இதுவே. 1932 இல் வெளிவந்த அவரது நூலொன்றின் முதல் அதிகாரம் இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது. மெய்யியலார் ஜான் டூயி அவருடைய நூல்கள் மூன்றுக்கு முன்னுரை எழுதினார்.

விரும்பியதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்யும் மனிதனை ரோமர் 7 இல் பவுல் காட்டுகிறார். அலெக்சாண்டரின் கண்ணாடி அறையையும் அவ்வதிகாரத்தையும் ஒன்றெனக் கூறுவது பிழை. பவுல் பேசுவது பாவத்தின் ஆட்சியைப் பற்றி. இவர் பேசுவது கழுத்தைப் பற்றி. எனினும், மன உறுதி ஒன்றே மனிதனைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கை இரண்டிடத்தும் உடைகிறது. இதற்கு மாறாக, அலெக்சாண்டர் தம் தொடக்க நூல்களில், விழிப்புள்ள கட்டுப்பாடே மனிதகுலத்தை உய்விக்கும் என்னும் அளவுக்குச் செல்கிறார். ஐரோப்பியரல்லாத மக்களைத் தாழ்த்தியும் எழுதுகிறார். அவற்றை நாம் ஏற்பதற்கில்லை. அவர் கண்ணாடியில் கண்டதை ஏற்கத் தடையுமில்லை.

நம்மவர் தடையாகக் காட்டுவது 1 கொரிந்தியர் 9:27. உடலை ஒடுக்குதல் என்று நாம் படிக்கும் அவ்விடத்தில் பவுல் ஆளும் கிரேக்க வினைச்சொல், கண்ணுக்குக் கீழே குத்துதலைக் குறிக்கும் குத்துச்சண்டைச் சொல். அவர் காட்டும் உவமை பந்தயக் களத்திலிருந்து வருவது. பந்தய வீரன் தன் உடலை இகழ்பவனல்லன். அதன் ஒவ்வோர் அசைவையும் அறிந்து பயிற்றுபவன். அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரம் உடலை ஆவியானவரின் ஆலயம் என்கிறது. ரோமர் 12:1 பலியாக ஒப்புவிக்கக் கேட்பது நம் உடல்களை. பவுலின் சோமா என்னும் சொல் முழு மனிதனைச் சுட்டுவது என்று புல்ட்மான் கொண்டதை, அது பருவுடலையே குறிக்கும் என்று ராபர்ட் கண்ட்ரி 1976 இல் மறுத்து எழுதினார். எப்பக்கம் சாய்ந்தாலும் உடல் புறக்கணிக்கத்தக்கது என்ற முடிவு கிட்டாது. உடலுக்கும் உண்மைக்கும் மெய் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் அருளுரையாற்றும் நாம் உடலை வெறும் கூடு என்று பேசி வருவது வியப்பே. 325 ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காற்படியிடாமல் நின்றே மன்றாட வேண்டும் என்று தன் இருபதாம் விதியில் வகுத்தது. உயிர்த்தெழுதலின் நாளில் உடல் எவ்வாறு நிற்கிறது என்பது அவ்வாயர்களுக்கு அற்பக் காரியமாகத் தோன்றவில்லை.

ஊழியத்தில் தேய்ந்து போவதே சிறப்பு என்று நம்மிடையே ஒரு பக்தி வளர்ந்திருக்கிறது. கரகரத்த குரலை வைராக்கியத்தின் அடையாளமாகக் கொள்ளும் சபைகளும் உண்டு. இப்பக்தியை நாம் ஐயுற வேண்டும் என்றே கருதுகிறோம். ஒலிபெருக்கி முன்னிருக்கும்போதும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது, சொல்லைத் தருபவர் கடவுள் என்பதை நம் உடல் இன்னும் நம்பவில்லை எனக் காட்டுகிறதோ?

இம்முறையின் பயனை மருத்துவரும் ஆய்ந்துள்ளனர். நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுவலியுடைய 579 பேரை இங்கிலாந்தில் ஆய்ந்த முடிவு 2008 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் நான்கு வாரங்களில் இடைநிலை அளவாக 21 நாட்கள் வலியுடன் இருந்தனர். 24 பாடங்கள் கற்றவர்களுக்கு வலியுள்ள நாட்கள் அதனினும் 18 குறைந்திருந்தன. இது முதுகைப் பற்றியது. இதைக் கொண்டே குரலுக்கும் உறுதி கூறிவிடலாகாது. மூன்று வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்வதே முறை; கண்ணாடி அதற்கு ஈடாகாது.

இம்முறையைக் கற்பிப்போர் நம் ஊர்களில் அரியர். ஆயினும் தொடக்கத்துக்குச் சிறிது செய்யலாம். அருளுரைப் பீடத்தில் ஏறியதும் முதற் சொல்லைச் சற்றுத் தாமதிக்கலாம். அந்த அமைதியில் கழுத்தின் பின்புறம் இறுகுகிறதா, விரல்கள் பீடத்தின் விளிம்பை நெரிக்கின்றனவா, மூச்சை ஓசையுடன் இழுக்கிறோமா என்று நோக்கலாம். திருத்த முயல வேண்டா, காண்பது போதும். பிற்பகலில், பாய் விரித்த தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளை வயிற்றின்மேல் வைத்து, பத்து அல்லது பதினைந்து நிமிடம் கண் திறந்தபடியே கிடக்கலாம். தலை பின்னுக்குச் சாயாதவாறு அதன்கீழ் சில நூல்களை வைக்க வேண்டும். எத்தனை என்பது அவரவர் முதுகைப் பொறுத்தது. தடித்த விளக்கவுரை நூலாயின் இரண்டே போதும்.